ரக்பியை இளைஞர்கள் ஏன் விட்டு விலகுகிறார்கள்? ஆக்லாந்திலிருந்து வந்த கேள்விக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு விரிவான பதில்

பள்ளத்தூர்ப் பக்கம் என்னிடம் கபடி பழகி, இப்போது குடும்பத்தோடு ஆக்லாந்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், நியூசிலாந்துன்னா ரக்பிதான்னு சொல்லித்தான் இங்க வந்தோம். ஆனா ஆபீஸ்ல ஐம்பது வயசுக்காரங்கதான் ரக்பி பேசுறாங்க. என் பையன் கிளாஸ்ல எல்லாருக்கும் பாஸ்கெட்பால்தான். ஏன் இப்படி ஆச்சு? ஊர்ல அண்ணன் மகன் வேற ரக்பி சேரணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். மங்கிக்கிட்டு வர்ற ஆட்டத்துல போய் அவன் எதுக்குச் சேரணும்?"

தம்பி, உன் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் பெரிய விஷயத்தைப் பார்ப்போம்.

இளைஞர்கள் ரக்பியை விட்டுப் போகிறார்கள் என்பது பாதி உண்மைதான். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன்தான் வயதான ரசிகர்களை வைத்துக் காலம் தள்ளுகிறது. அதே ஆக்லாந்தில் வாரியர்ஸ் அணிக்கு என்ன கூட்டம் கூடுகிறது என்று நீயே பார்த்திருப்பாய். அது 13 பேர் ஆடும் ரக்பி லீக். 1995 முதல் ஆஸ்திரேலியப் போட்டியில் ஆடிவரும் அணி, இன்னும் ஒரு முறைகூடக் கோப்பை வாங்கவில்லை. ஆனாலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இளவட்டங்கள் தெருவில் திரிகிறார்கள். ஆகவே முட்டி மோதும் ஆட்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

செல்போன் வந்து பொறுமை போய்விட்டது என்பார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொங்கலையொட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வந்து பார். கல்லூரிப் பையன்கள் காலையிலேயே பொட்டலில் இடம்பிடித்து, தொழு திறக்கும்வரை வெயிலில் நிற்பார்கள். மாசி மகத்தன்று அரளிப்பாறையில் அந்தப் பாறை முழுக்க ஆட்கள்தான். ஒரு காளை கண்ணில் படுவது சில நொடி. அந்தச் சில நொடிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர்களும் செல்போன் தலைமுறைதான். மாடு யாருடையது, எந்த ஊர்க்காரர் வளர்த்தது, போன வருஷம் யார் கைக்கும் சிக்காமல் எப்படிப் போனது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தன்னுடையது என்று நினைப்பதற்காக எந்தத் தலைமுறையும் காத்திருக்கும். ரக்பி அந்தத் "தன்னுடையது" என்ற உரிமையைப் பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிட்டது. என் பதில் முழுக்க இதைப் பற்றித்தான்.

எப்படிப் பிடுங்கியது? முதலில் ஆட்டத்துக்குள்ளேயே பார்ப்போம். ரக்பி யூனியன் 80 நிமிட ஆட்டம். அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 35 நிமிடம்தான். மிச்ச நேரத்தைப் பெரும்பாலும் இரண்டு அணியும் பந்துக்காகக் கோத்து நின்று தள்ளும் ஸ்கிரம்மும், வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து உள்ளே எறியும் லைன் அவுட்டும், எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதையும், வீடியோ நடுவரும் தின்றுவிடுகிறார்கள். ஸ்கிரம்மை எடுத்துக்கொள். பக்கத்துக்கு எட்டுப் பேர், இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. நடுவர் குனியச் சொல்கிறார், பிடிக்கச் சொல்கிறார், இறங்கச் சொல்கிறார். மோதியதும் ஒரு பக்கம் சரிந்து விழுகிறது. எழுந்து, மண்ணைத் தட்டி, மறுபடி குனிகிறார்கள். மறுபடியும் விழுகிறது. நடுவர் கையை உயர்த்தி ஒரு பக்கத்துக்குப் பெனால்டி கொடுக்கிறார். ஏன் கொடுத்தார் என்பது மைதானத்தில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. முன்வரிசையில் ஆடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய முழங்கை எங்கே இறங்கியது என்று சொன்னால் அது அருமையான போர். சொல்ல ஆளில்லாத பையனுக்கு அது வெறும் காத்திருப்பு.

நம் கபடியில் ரெய்டுக்கு 30 நொடி. பாடிப் போனவன் அதற்குள் தொட்டாகவேண்டும், இல்லையென்றால் திரும்பியாகவேண்டும். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே தீரவேண்டும், எடுக்காவிட்டால் அவன் அவுட். இந்த ஒரு விதி தொலைக்காட்சிக் கபடியை எப்படி உயிரோடு வைத்திருக்கிறது என்று யோசித்துப் பார். ரக்பிக்காரர்களும் இதை உணர்ந்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் உலக ரக்பி அமைப்பு, ஆட்டத்தை இளைய ரசிகர்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று லண்டனில் தனியாகவே கூடிப் பேசியது. ஸ்கிரம் அமைக்க 30 நொடி, டிரை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, அதற்குப் பிந்தைய உதைக்கு 60 நொடி என்று கடிகாரம் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் தாமதமாக வந்தது.

2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தையே பார். பாரிசில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டு புள்ளியும் ஹாண்ட்ரே பொல்லார்டின் நான்கு பெனால்டி உதையில் வந்தவை. மொத்த ஆட்டத்திலும் டிரை ஒன்றே ஒன்று, நியூசிலாந்தின் போடன் பாரெட் போட்டது. நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேனுக்கு முதலில் மஞ்சள் அட்டை, ரக்பியில் அதற்குப் பத்து நிமிடம் வெளியே உட்காரவேண்டும். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளே திரையில் பார்த்த இன்னொரு நடுவர் அதைச் சிவப்பாக்கினார். எனக்கு அந்த ஆட்டம் மூச்சடைக்கவைத்த ஆட்டம், விடிய விடியப் பார்த்தேன். ஆனால் முதல்முறை ரக்பி பார்க்கிற பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதைக் காட்டி, "இதற்கு ரசிகனாகு" என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, ஆட்டம் கண்ணில் படுவது. நியூசிலாந்தில் 1996 முதல் பெரிய ரக்பி ஆட்டமெல்லாம் காசு கட்டிப் பார்க்கும் சேனலுக்குப் போய்விட்டது. அப்பா சந்தா கட்டினால் பிள்ளை பார்ப்பான். வீட்டு வாடகைக்கே திண்டாடுகிற குடும்பத்தில் என்ன செய்வான்? அதே நேரம் பாஸ்கெட்பால் துணுக்குகள் கைப்பேசியில் இலவசமாக வந்து விழுகின்றன. ரோட்டோருவாவில் பிறந்த ஸ்டீவன் ஆடம்ஸ் 2013 முதல் என்பிஏ என்ற அமெரிக்க பாஸ்கெட்பால் போட்டியில் ஆடுகிறார். ஒரு வளையம், ஒரு பந்து இருந்தால் தனியாகவே பழகலாம். உன் பையன் வகுப்பில் நடப்பது இதுதான்.

அப்புறம் தலையடி. இதை மெல்லக் கடந்துபோக எனக்கு மனமில்லை, பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவன் நான். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ஹூக்கராக, அதாவது ஸ்கிரம்மின் முன்வரிசை நடுவில், ஆடியவர் ஸ்டீவ் தாம்சன். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு மறதிநோய் தொடங்கிவிட்டது என்று வெளியே சொன்னார். உலகக் கோப்பையை வென்ற அந்த ஆட்டமே தனக்கு ஞாபகம் இல்லை என்றார். அவரும் இன்னும் பல பழைய வீரர்களும் ரக்பி அமைப்புகள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். அதைப் படித்த தாய் தன் மகனை எந்த மனதோடு மைதானத்துக்கு அனுப்புவாள்? பத்து வயதில் ஆடாத பிள்ளை இருபது வயதில் டிக்கெட் வாங்குவது அபூர்வம். 2023இல் இங்கிலாந்தில் அமெச்சூர் ஆட்டங்களுக்கு டேக்கிள் உயரத்தை, அதாவது எதிராளியை மேலே எதுவரை பிடிக்கலாம் என்பதை, நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று இறக்கினார்கள். "ஆட்டத்தையே கெடுக்கிறார்கள்" என்று பழைய ஆட்கள் கூச்சல் போட்டார்கள். என்னைக் கேட்டால், சமீப காலத்தில் செய்தவற்றிலேயே சரியான காரியம் அதுதான்.

இதெல்லாம் காரணம்தான். ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன் என்கிறார்கள். ஊர் அணி அழிந்துபோவது.

ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில்தான் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமானது. லீக் அதற்கு நூறு வருஷம் முன்பே பிரிந்துபோனதற்குக் காரணமும் அந்தச் சம்பளப் பேச்சுதான். வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியைக் கேட்டார்கள், தெற்கத்திய கனவான்கள் கொடுக்க மறுத்தார்கள், 1895இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துவிட்டார்கள். யூனியன் கடைசியில் சம்பளத்துக்கு வந்தபோது, பணத்தைக் கையாளும் பழக்கம் அதற்கு இல்லை. வருமானத்துக்கு மேல் செலவு. வாஸ்ப்ஸ் என்று ஒரு கிளப், 1867இல் தொடங்கியது. இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. லண்டனில் பிறந்து, 2002 முதல் பக்கத்து ஹை வைகோமில் ஆடிவந்த அதை 2014இல் தூக்கிக்கொண்டுபோய் கோவன்ட்ரியில் வைத்தார்கள். லண்டனிலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். பழைய இடத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்த அணியைப் பார்த்த பையன் என்ன ஆவான்? 2022 அக்டோபரில் கடன் தாங்காமல் அந்த அணி முதல் பிரிவிலிருந்தே மறைந்தது. அதற்குச் சில வாரம் முன்னால் வூஸ்டர், 2023இல் லண்டன் ஐரிஷ். பதின்மூன்று அணி இருந்த போட்டி ஒரே வருஷத்தில் பத்தாகச் சுருங்கியது. உங்கள் பக்கத்தில் மெல்போர்ன் ரெபெல்ஸ் 2024இல் மூடப்பட்டது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து தொடங்கிய சூப்பர் ரக்பி போட்டியோ 12 அணி, 14, 15, 18, மறுபடி 15 என்று மாறிக்கொண்டே இருந்தது. ஜப்பானிலிருந்து ஓர் அணியைச் சேர்த்து, பிறகு விட்டுவிட்டார்கள். தென்னாப்பிரிக்க அணிகள் ஐரோப்பாப் பக்கம் போய்விட்டன. எந்த அணி அடுத்த வருஷம் இருக்கும் என்று தெரியாத போட்டியில் ஒரு பிள்ளை எப்படி மனதை வைப்பான்?

எதிர்ப்பக்கம் பார். இலங்கையில் ரக்பியைப் பள்ளிகள்தான் காப்பாற்றுகின்றன. நம் பக்கத்துப் பெரியவர்கள் லேவாதேவிக்குப் போய் ஒரு தெருவையே செட்டியார் தெருவாக்கிய அதே கொழும்பில், ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் 1945 முதல் பிராட்பி கேடயம் நடக்கிறது. ஓர் ஆட்டம் கொழும்பில், ஓர் ஆட்டம் கண்டியில், இரண்டிலும் எடுத்த புள்ளியைக் கூட்டி வெற்றி. பிள்ளைகள் கொடியோடு ஊர்வலமாக வருவார்கள், படித்து முடித்துப் போனவர்கள் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருவார்கள். இளைஞர் வரவில்லையே என்ற கவலை அங்கே யாருக்கும் கிடையாது. பிஜியில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி அணி வாங்கிய தங்கம்தான் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதற்காக ஏழு டாலர் நோட்டே அடித்தார்கள். பிரான்சில் துலூஸ் மாதிரி ஊர்களில் ரக்பி ஊர்த் திருவிழாதான். அந்த ஊர் அணியின் அந்துவான் துபோன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ஆட்டத்துக்கு மாறித் தங்கம் வாங்கிக் கொடுத்தபோது, பிள்ளைகளும் சேர்ந்து கொண்டாடினார்கள்.

பெண்கள் ஆட்டம் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. 2025 செப்டம்பரில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம், லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து 33, கனடா 13. வந்த கூட்டம் 81,885. அமெரிக்காவின் இலோனா மாஹர் என்ற பெண்ணைச் சமூக ஊடகத்தில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். ஆட்டக்காரி என்பதற்காக மட்டும் இல்லை, பெண் பிள்ளைகளிடம் உடலைப் பற்றி, பலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். 2025 ஜனவரியில் பிரிஸ்டலுக்கு ஆட வந்தபோது, அவருடைய முதல் ஆட்டத்தைப் பெரிய மைதானத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. ஆண்கள் ரக்பியில் இப்படிப் பிள்ளைகளோடு நேராகப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. வேல்ஸின் லூயி ரீஸ்-ஸாமிட் அப்படி ஒருவர். அவரே 2024இல், 22 வயதில், அமெரிக்கக் கால்பந்துக்குப் போனார். அடுத்த வருஷம் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை.

ரக்பி மங்குவது இது முதல்முறையும் இல்லை, அதுவும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். மறு வருஷம் கிளப் தொடங்கினார்கள். சில வருஷத்திலேயே பட்டாளம் ஊர் மாறியது. இருந்தவர்களுக்கு அந்த வெயிலில் டென்னிசும் போலோவும் சுகமாகத் தெரிந்தன. ஆள் இல்லாமல் கிளப்பைக் கலைத்தார்கள். வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். ஆடிய கிளப் போனது, ஆட்டம் உலகம் முழுக்க நிலைத்தது. அந்த ஊரில் அது அப்போது ஏன் நிலைக்கவில்லை? பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள், ஊர்ப் பிள்ளைகளை ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் நான் அதில் காணும் காரணம்.

சரி, அண்ணன் மகன் விஷயத்துக்கு வருவோம்.

அவன் சேர நினைப்பது பெரும்பாலும் ஏழு பேர் ஆடும் ஆட்டம். பாதிக்கு ஏழு நிமிடம், முழு ஆட்டமும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒலிம்பிக்கில் இருப்பது இதுதான், நம் தேசிய விளையாட்டுப் போட்டியில் நடப்பதும் இதுதான். 2025 ஜூனில் மும்பையில் இந்தியாவின் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. நான்கு நிமிடக் கால்பகுதி நான்கு, அவ்வளவுதான் ஆட்டம். ஆறு அணியில் கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ், இறுதியில் டெல்லியை 41க்கு 0 என்று வென்றது. அந்த ஆட்டத் துணுக்குகளைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் 15 பேர் ஆட்டம் ஒன்றைக் காட்டியபோது ஸ்கிரம் வந்ததும் பின்வரிசையில் பேச்சு கிளம்பிவிட்டது. ஏழு பேர் ஆட்டத்தில் ஒருவன் ஓரக்கோட்டை ஒட்டித் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். விதி எதுவும் நான் சொல்லவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எதிராளியின் இடுப்பைப் பார்த்தே அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணிப்பதும், தாழ்ந்து போய்ப் பிடிப்பதும் கபடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றியாகவேண்டும். நம் கார்னர் ஆட்டக்காரன் கணுக்காலுக்குப் பாயும்போது தலையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோவான். ரக்பியில் எதிராளி முழு வேகத்தில் வருகிறான். தலை அவன் காலுக்கு முன்னால் போனால் முழங்கால் நேராக நெற்றியில் இறங்கும். தோள் அவன் தொடையில், கன்னம் அவன் புட்டத்தோரம், தலை எப்போதும் பின்பக்கம், இரண்டு கையும் சுற்றிக் கட்டியிருக்கவேண்டும். செம்மண் தரையில் முழங்காலிட்டு, நடந்து வருகிற ஒருவனை மெதுவாகப் பிடித்து இதைப் பழக்குகிறேன். இது கைவராத பிள்ளையை ஓடவிட்டுப் பிடிக்கச் சொல்லவே மாட்டேன்.

எடையையும் பார்க்கவேண்டும். கபடியில் சப் ஜூனியர் பையனுக்கு 55 கிலோ, ஜூனியருக்கு 70 என்று வரம்பு வைத்திருக்கிறோம். ஆக்லாந்திலும் சிறுவர் ரக்பியில் எடைப் பிரிவு உண்டு. இங்கே பல இடத்தில் வயதை மட்டும் பார்த்துச் சேர்க்கிறார்கள். நாற்பது கிலோ பையனை அறுபது கிலோ பையனுக்கு எதிரே நிறுத்துகிற பயிற்சியாளர் என்றால், அண்ணன் மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டும்.

அண்ணனுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் வருஷம் முழுக்கத் தொடு ரக்பி மட்டும் ஆடட்டும், பிடித்துத் தள்ளுவது வேண்டாம். அப்புறம் பல்லுக்குக் காப்பு இல்லாமல் இறங்கக்கூடாது. தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்று அவன் ஆட்டம் முடிந்தது, "நல்லா இருக்கேன் சார்" என்று அவனே சொன்னாலும் திரும்ப இறக்கக்கூடாது, மருத்துவர் பார்த்த பிறகுதான் மறு பேச்சு. கூடவே கபடியையும் விடவேண்டாம். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிற பயிற்சியாளரிடம் தாராளமாகச் சேர்க்கலாம். ஆட்டம் எங்கோ மங்குகிறதா என்பது பதின்மூன்று வயதுப் பையன் கவலைப்படவேண்டிய விஷயமே இல்லை. அவன் ஓடவேண்டும், கூட ஆட நான்கு சிநேகிதர்கள் கிடைக்கவேண்டும், வீட்டுக்கு முழுசாக வரவேண்டும்.

எனக்கு இங்கே உள்ள கவலை வேறு. பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கால் வைத்ததும் கபடிப் பையன் டியூஷனுக்குப் போய்விடுகிறான். நாங்கள் ஆடிய பொட்டல்கள் மனைப்பிரிவு ஆகிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் ரக்பிக்கு நடந்தது வேறு காரணத்தால் நம் கபடிக்கும் நடக்கலாம். புரோ கபடியை 2014 முதல் திரையில் எத்தனை பேர் பார்த்தாலும், பார்க்கிற பிள்ளை சாயங்காலம் ஆட இடம் இல்லையென்றால் சில வருஷத்தில் பார்ப்பதும் குறைந்துபோகும்.

விடுமுறைக்கு நீ ஊருக்கு வரும்போது பந்து கொண்டுவருவதாக இருந்தால் நான்காம் அளவுப் பந்தாக வாங்கி வா. பத்து முதல் பதினான்கு வயதுவரை அதுதான் கைக்கு அடங்கும், ஐந்தாம் அளவு பெரியவர்களுக்கானது. இரண்டு பந்து இருந்தால் பெண் பிள்ளைகளுக்கும் தனியாகத் தொடங்கிவிடலாம். அவர்கள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.